எத்தனை பேர் பார்த்தார்கள்?

மழை ஓயும் சமயத்தில் கடலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் திபெத்துக்காரர்கள் ஸ்வெட்டர் கடை போடுவார்கள். சிதம்பரத்தில் வரலாற்று ஆசிரியராக இருக்கும் நான், பஸ் ஏறுமுன் அங்கே ஒரு அக்காவிடம் தினமும் பேசுவேன். வருடா வருடம் வந்து தமிழ் பழகியவர்.

"தனி நாடுகூடக் கேக்கல சார். எங்க பாஷை, எங்க சாமி, எங்க ஊர நாங்களே பாத்துக்கணும். அவ்ளோதான்" என்றார் ஒருநாள்.

வகுப்பில் காட்டுவதாகச் சொல்லி, அதையே மறுபடி பேசச் சொல்லிப் போனில் வீடியோ எடுத்தேன். ஆனால் நியாயம் பேசுகிற பெருமையில், அவரைக் கேட்காமல், பஸ்ஸிலேயே ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டேன். சிதம்பரம் வருவதற்குள் ஆயிரம் பேர் பார்த்திருந்தார்கள்.

மாலையில் நான் இறங்கியதும் கடையை விட்டு ஓடி வந்தார். மைசூர்ப் பக்கம் திபெத்தியர் குடியிருப்பில் இருக்கும் மகன் பார்த்துவிட்டுப் போன் செய்தானாம்.

"அழிச்சிடுங்க சார். என் தங்கச்சி இன்னும் திபெத்துலதான் இருக்கா. என் மூஞ்சி தெரிஞ்சா அவ வீட்டுக்குச் சீனா போலீஸ் போவும்."

அங்கேயே நின்று அழித்தேன்.

"எத்தினி பேர் பாத்தாங்க?"

அன்று முழுக்க நான் எடுத்தெடுத்துப் பார்த்துப் பூரித்த எண்ணிக்கை அது.

"நாலஞ்சு பேருதாங்க்கா. எல்லாம் நம்மூர் ஆளுங்க."

மைசூர்வரை போய்விட்டது என்பது இருவருக்கும் தெரியும். அவர் தலையாட்டிவிட்டுக் கடைக்குத் திரும்பினார்.

தங்கைக்கு என்ன ஆயிற்று என்று போனில் விசாரிப்பதுகூட அவளுக்கு ஆபத்தாம். பேசியது தப்பா? யாருமே பேசாவிட்டால் மட்டும் சரியாகிவிடுமா? எனக்கு இன்னும் விளங்கவில்லை. அந்த ஆயிரம் பேரும் யார் யார் என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.