வேலி முருங்கைக்கு நான் சொன்ன விலை

என் தம்பி ஊருக்கு வராமல் போனதற்கு நான்தான் காரணம். விசா அல்ல, வேலை அல்ல, நோய் அல்ல... நான்! தேங்காய்க்கும் மீனுக்கும் பொய் விலை சொல்லியே அவனை இலண்டனில் இருத்திவிட்டேன்.

சிரிப்பு வருகிறதா உங்களுக்கு? வரட்டும். முதலில் எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசி எடுப்பான். சுகம் விசாரித்து முடிவதற்குள் விலை தொடங்கிவிடும். "அக்கா, அங்க தேங்காய் என்ன விலை?" சொல்வேன். உடனே அதைப் பவுண்ஸுக்கு மாற்றிப் பார்ப்பான். "ஐயோ, இஞ்ச அந்தக் காசுக்கு ஒரு சொக்லேட்டும் வராது. நீங்கள் குடுத்து வைச்ச ஆக்கள்!"

கொடுத்து வைத்த ஆட்களாம்! கிளிநொச்சியில் தையல் மெஷினில் முதுகு வளைய இருந்து ரூபாயில் உழைக்கிறவளுக்குப் பவுண்ஸ் கணக்கு எதற்கு? அரிசிக்கும் இதே கதை, மீனுக்கும் இதே கதை. எத்தனை வருடம்தான் கேட்டுக்கொண்டிருப்பது? அலுத்துப் போனேன்.

ஒருநாள் எரிச்சலில், நூற்றியிருபது ரூபாய்த் தேங்காயை இருநூறு என்றேன். "உண்மையாவோ?" என்றவன் அன்று பவுண்ஸ் கணக்கை எடுக்கவே இல்லை. அப்பாடா, எவ்வளவு சுகமாக இருந்தது!

அதோடு விட்டிருந்தால் இதை உங்களிடம் சொல்ல வேண்டி வந்திராது.

போன மாரியில் ஒருநாள் வேறு குரலில் கதைத்தான். "அக்கா, முழங்கால் இனி ஏலாது. கடையின்ர குளிர் அறைக்குள்ள பெட்டி தூக்கினது காணும். ஊரோட வந்து இருக்கப்போறன். எனக்கு எங்கட வீட்டு முன் அறை மட்டும் போதும். ஒராளுக்கு மாதம் எவ்வளவு செலவு முடியுமெண்டு பார்த்துச் சொல்லுங்கோ."

பார்த்துச் சொன்னேன்! இரணைமடுக் குளத்து மீனைக் கடல் மீன் விலைக்கு ஏற்றினேன். கரண்ட், மருந்து, ஓட்டோ... ஒன்றையும் விடவில்லை. எங்கள் வேலியில் காய்த்துத் தொங்கும் முருங்கைக்காய்க்குக் கூட விலை சொன்னேன்!

வீடியோவில் அவன் கண்டுவிட்டான். "அக்கா, உங்களுக்குப் பின்னால நிக்கிறது முருங்கை தானே?"

"அது பக்கத்து வளவின்ர மரம்," என்றேன்.

இலண்டன் போகும் முன் அந்த முருங்கைத் தடியை ஊன்றியவனே அவன்தான். மறந்துவிட்டானா? அல்லது அக்கா பொய் சொல்ல மாட்டாள் என்று நம்பினானா? தெரியாது. அன்றிலிருந்து சுவருக்கு முதுகைக் கொடுத்துக் கதிரையைப் போட்டுக்கொண்டுதான் அவனோடு கதைக்கிறேன்.

இந்த முறை எரிச்சல் அல்ல. அதையும் சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது எங்கள் பழைய வளவில் அவன் உழைப்பில் கட்டிய வீடு. வீட்டு உறுதிப் பத்திரம் அவன் பெயரில். அந்த வீட்டை என் மகளுக்குச் சீதனம் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன்... அவனை ஒரு வார்த்தை கேட்காமலே! கல்யாணம் கட்டாதவன், ஐம்பதும் தாண்டிவிட்டது, இனியா வரப்போகிறான் என்ற துணிவு. வீட்டோடு சேர்த்து ஒரு மாமனையும் எப்படிக் கொடுப்பது?

ஏன், கொடுத்தால்தான் என்ன? ஓர் அறை! ஒரேயோர் அறை! கேட்டிருந்தால் அவன் வீட்டையே தந்திருப்பான்.

தந்தும் விட்டான்.

"எல்லாம் பார்த்தன் அக்கா. அங்கயும் இஞ்சயும் ஒரே செலவுதான். இஞ்சயெண்டா வேலையாவது கிடக்கு. நான் இஞ்சயே இருக்கிறன். வீட்டைப் பிள்ளையின்ர பேருக்கு எழுதுவம், சீதனத்துக்கு உதவும்."

எனக்கு ஆத்திரம் வந்தது. நம்புவீர்களா? அவன் மேல்! இத்தனை வருடம் விலை விசாரித்தவன், ஒரு நாளாவது வேறு யாரிடமாவது கேட்கக்கூடாதா? ஊரில் ஆட்களே இல்லையா? மடையன்! அக்காவை மட்டுமா நம்ப வேண்டும்?

கல்யாணம் முடிந்தது. முன் அறையில் இப்போது மருமகனின் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. மழைக்கு நனையாமல் இருக்கட்டுமாம்.

போன ஞாயிறும் எடுத்தான். கட்டிலில் இருந்தபடி முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்டான். "தேங்காய் என்ன விலை அக்கா?"

இப்போது இங்கே தேங்காய் உண்மையாகவே இருநூறு. அன்று நான் சொன்ன அதே விலை! கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். உள்ளதைச் சொன்னால் போதும்... ஒரு முறையாவது!

"இருநூற்றெண்பது," என்றேன்.

"அம்மாடி! நான் வராமல் விட்டது நல்லதாப் போச்சு, என்ன அக்கா?"

"ஓம் தம்பி," என்றேன். "நல்லதாப் போச்சு."