ஐந்தாவது படம்

விற்பனைக்கு வரும் வீடுகளைப் படம் எடுத்துக் கொடுப்பதுதான் போட்டோக்காரம்மாவின் பிழைப்பு. பதினோரு வருட அனுபவம். மூலையில் முதுகை ஒட்டி நிற்பாள். கேமரா இடுப்பு உயரத்தில் இருக்கும். தரை ஓடுகளின் கோடுகள் பார்ப்பவரைக் கைபிடித்து ஜன்னலுக்குக் கூட்டிப்போக வேண்டும். முக்கியமானதை நட்டநடுவில் வைக்காமல் மூன்றில் ஒரு பங்கு தள்ளி வைக்க வேண்டும். மிச்ச இடத்தைக் காலியாக விட்டால், வாங்க வருகிறவர் மனசுக்குள்ளேயே தன் சோபாவை அங்கே போட்டுக்கொள்வார். அவள் படம் எடுத்தால் எலிவளைக்கும் ஆள் வரும் என்று தரகர்கள் சொல்வார்கள்.

இந்த முறை அவள் எடுக்க வேண்டியிருந்தது, தான் குடியிருக்கும் வாடகை வீட்டை.

"வெளியாள் எதுக்கு, நீங்களே எடுத்துக் குடுத்துடுங்கம்மா," என்று ஓனரம்மா சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். கணவர் தையல்காரர். ஜன்னலோரம் அவர் மிஷின் ஓடுவதைப் பார்த்துத்தான் தெருவே துணி கொண்டுவந்து தரும். மாடிவீடு பார்க்கலாம் என்றால் அவர் முழங்கால் படியேறாது. இந்த வீடு விற்றுப்போனால் எங்கே போவது?

"கோணல்மாணலா எடுத்துத் தள்ளு. எவன் வரான்னு பாப்போம்," என்றார் அவர்.

அப்படியே எடுத்தாள். சுவர் சாய்ந்தது, கதவு பாதியில் வெட்டுப்பட்டது, குளியலறை வாளி நட்டநடுவில் வந்து உட்கார்ந்தது. நான்கு படங்கள். அவளுக்கே பார்க்கக் கூசியது. கூசட்டும்.

அப்போது அவர் ஊசியில் நூல் கோக்கக் குனிந்தார். வாசல்நிலை அவரைச் சுற்றிச் சட்டம் போட்டதுபோல் நின்றது. ஜன்னல் வெளிச்சம் அவர் கைகளில் மட்டும் விழுந்தது. வலப்பக்கம் மூன்றில் ஒரு பங்கில், அளந்து உட்காரவைத்தாற்போல் இருந்தார் மனிதர். அவளைக் கேட்காமலே விரல் அழுத்திவிட்டது.

அதை அழித்திருக்கலாம். ஆனால் படங்களுக்குக் கீழே அவள் பெயர் வருமே! ஒன்றே ஒன்றுதானே என்று அதையும் சேர்த்து அனுப்பித் தொலைத்தாள். அப்புறம் இருப்புக்கொள்ளவில்லை. போன் சும்மா கிடந்தாலும் பயமாக இருந்தது.

நாலு மணிக்கு அது அடித்தது.

"என்னம்மா, நாலு படம் இப்படி சொதப்பியிருக்கீங்க?" என்றார் ஓனரம்மா. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "பரவால்ல, அந்த ஜன்னல் படத்தை மட்டும் போட்டேன். அதுக்குள்ள மூணு பேர் கேட்டுட்டாங்க. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வராங்க. சாரை அதே எடத்துல, அதே மாதிரி உக்காந்திருக்கச் சொல்லுங்க."

அவள் போனை வைத்தாள். மிஷின் நின்றது.

"என்ன, ரொம்பத் திட்டிட்டாங்களா?" என்று ஆசை ஆசையாகக் கேட்டார் அவர்.