இரும்பை இரும்பால் அடிக்காதவர்

லாரிக்கு அடியில் நுழைவதற்கு முன் சீனிச்சாமி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். வலது உள்ளங்கையைத் தரையில் அழுத்திக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகுதான் குனிந்தார். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், ஒரு வாளி மணல். எதிர்வீட்டு ஒச்சப்பன் வேப்பங்குச்சியைக் கடித்தபடி இந்தச் சடங்கையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன மாப்ள, லாரிக்கு அடியில சாமி கீமி இருக்கா? செருப்பெல்லாம் களட்டுற?"

"பளக்கம் மாமா, விடுங்க" என்றது அடியிலிருந்து வந்த குரல்.

பழக்கம்தான். எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலையின் மருந்து கலக்கும் அறையில் இளமையைக் கழித்த மனிதர் அவர். அங்கே செருப்பு கூடாது, இரும்பு கூடாது, வேகம் கூடவே கூடாது. வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பிலுள்ள மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். ஆலையை விட்டு, பழைய மினி லாரி ஒன்றை வாங்கி ஓட்ட ஆரம்பித்துவிட்டார். கை மட்டும் இன்னும் அந்த அறையை விட்டு வரவில்லை. சோற்றுப்பானை மூடியைக்கூடச் சத்தமில்லாமல்தான் வைப்பார். யாராவது கதவை அறைந்து சாத்தினால் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

இப்படிப்பட்ட மனிதரிடமா இந்த லாரி தன் வேலையைக் காட்ட வேண்டும்? ஆலங்குளத்திலிருந்து சிமென்ட் ஏற்றி வரும்போது ஒரு பள்ளத்தில் இறங்கி, பின்சக்கரத்துக்கு மேலே வில்லாக வளைந்திருக்கும் இரும்புப் பட்டைகளில் பெரிய பட்டை படீரென்று முறிந்துபோனது. அன்றிலிருந்து வண்டி இடப்பக்கம் ஒருக்களித்தே நிற்கிறது. நாளை திங்கட்கிழமை, தீபாவளி சீசனின் முதல் லோடு. பட்டாசுக் கிட்டங்கியில் லோடு ஏற்றும் சங்கிலிமுத்து முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்: "சாஞ்ச வண்டியில ஒரு பெட்டி ஏறாதுப்பா. வேற வண்டிக்குக் குடுத்துருவேன்." முதல் லோடு எடுக்கிற வண்டிதான் சீசன் முடிகிறவரை ஓடும். அதை விட்டால் சீசனே போயிற்று. பட்டறைக்காரர்களோ இருக்கிற கூட்டத்தில் "அடுத்த வாரம் பாப்போம்" என்று கையை விரித்துவிட்டார்கள்.

"அடுத்த வாரம் என்ன அடுத்த வாரம்? நானே மாட்டுறேன்" என்று இறங்கிவிட்டார் சீனிச்சாமி. வீறாப்புக்கு அவரிடம் பஞ்சமே கிடையாது.

வீறாப்புக்கெல்லாம் அந்த முளை மசியவில்லை. பட்டையை வண்டியோடு பிணைக்கும் தடித்த இரும்பு முளை அது, துருவேறி இறுகிப்போயிருந்தது. டீசல் ஊற்றினார். மரச்சுத்தியலால் தட்டினார். "பைய... பையப் பைய..." என்று அதனிடம் கெஞ்சினார். வெயில் ஏறியதுதான் மிச்சம்.

மனைவி பொன்மணி அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். அவர் இன்னும் அதே ஆலையில் திரி செருகும் வேலைக்குப் போகிறவர். கையில் சம்மட்டி.

"தள்ளுங்க."

"வேணாம் பொன்மணி. இரும்பால இரும்ப அடிக்கக் கூடாது. பொறி பறக்கும்."

"பறக்கட்டும். இது வீடுங்க, கம்பெனி இல்ல. ஜெயபாண்டி அண்ணன நெனச்சுக்கிட்டே இருந்தா வண்டி எந்திரிச்சிருமா?"

ஜெயபாண்டி அவரோடு மருந்து கலக்கியவர். எப்படியோ அறைக்குள் வந்துவிட்ட ஓர் இரும்புக் கரண்டி அவர் கையிலிருந்து நழுவியபோது, சீனிச்சாமி தண்ணீர் குடிக்க வெளியே வந்திருந்தார். பொறி பறந்து அறையே சிதறிய அந்த நாளுக்குப் பிறகு சீனிச்சாமி அந்த வேலைக்குப் போகவேயில்லை.

பொன்மணி சம்மட்டியை ஓங்கியதும் சீனிச்சாமி விறுவிறுவென்று தெருமுனைக்குப் போய், முதுகைக் காட்டி நின்றுகொண்டார். நாலே போடு. முளை வெளியே வந்து விழுந்தது.

வாங்கி வைத்திருந்த புதுப் பட்டையைச் சேர்த்து, ஒச்சப்பனையும் ஒரு கை பிடிக்கவைத்துத் தூக்கி மாட்டி, ஜாக்கியை இறக்கிப் பார்த்தால், அடக் கொடுமையே! சக்கரம் தள்ளிப்போய் மட்கார்டில் உரசிக்கொண்டு நின்றது. பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் போல்ட் நட்டநடுவில் இருக்கும் என்று நம்பிவிட்டார். அது ஒரு பக்கமாக ஒதுங்கி இருந்தது. முன்னும் பின்னுமாக மாற்றி மாட்டியிருக்கிறார். போனில் பார்த்த வீடியோவில் அந்த இந்திக்கார மெக்கானிக் திரும்பத் திரும்பக் கத்தியது இதைத்தானோ என்னவோ!

"போதும் மாப்ள, ஒடம்பக் கெடுத்துக்காத. இந்த சீசன் போனாப் போகுது" என்றார் ஒச்சப்பன்.

சீனிச்சாமிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஜாக்கியைத் திரும்பவும் அடியில் தள்ளினார்.

"களட்டுவோம் மாமா. நீங்க அந்தப் பக்கம் பிடிங்க."

திருப்பி மாட்டியபோது முளை பாதி வழியில் சிக்கிக்கொண்டது. மரச்சுத்தியலுக்கு அது அசையவில்லை, பிளந்தது மரச்சுத்தியல்தான். வெயிலும் தாழ்ந்துவிட்டது. பொன்மணி சம்மட்டியை எடுக்கக் குனிந்தார். அதற்குள் சீனிச்சாமியின் கை அதன்மேல் விழுந்தது.

"நீ வாசப்படிக்கு அங்கிட்டுப் போ. மாமா, நீங்களும்."

முதல் அடி ஒரு தட்டு, அவ்வளவுதான். இரண்டாவதில் பொறி பறந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஒன்றும் ஆகவில்லை. எதிர்வீட்டில் டிவி அது பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. மூன்றாவது அடியை ஓங்கி இறக்கினார். முளை இடத்தில் போய் உட்கார்ந்தது.

ஜாக்கி இறங்கியது. "மாப்ள, நேரா நிக்குதுலே!" என்று ஒச்சப்பன் தெருவுக்கே கேட்கக் கத்தினார். "மொத லோடு ஒனக்குத்தான்!"

சீனிச்சாமி இன்னும் வண்டியைப் பார்க்கவில்லை. வாளியிலிருந்து ஒரு கை மணலை அள்ளி, பொறி விழுந்த இடத்தைத் தேடித் தேடிப் பையத் தூவிக்கொண்டிருந்தார்.