கடல் இல்லாத நாட்டு மீன்

பரிந்துரைக் கடிதம் வேண்டுமென்று கேட்டால் தில்லியில் பெரியவர்கள் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். "நீயே எழுதிண்டு வாம்மா, கையெழுத்துப் போட்டுத் தரேன்." எங்கள் சாரும் அதையே சொன்னார். அதனால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முனிர்காவில் நான் வாடகைக்கு இருந்த அறையில் உட்கார்ந்து என்னைப் பற்றி நானே ஒரு பக்கம் புகழ்ந்து தள்ளினேன். "தரவுகளைக் கையாள்வதில் சின்னப் பிழைகூட விடாதவர்" என்று ஒரு வரி. எழுதும்போது கொஞ்சம்கூட வெட்கம் வரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் அந்தக் கடிதம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் உதவித்தொகை இல்லை, உதவித்தொகை இல்லாவிட்டால் முனைவர் படிப்பும் இல்லை.

சார் அரசாங்கத்தில் வர்த்தகக் கொள்கை பார்த்து ஓய்வு பெற்றவர். தஞ்சாவூர்ப் பக்கம். இப்போது ஒரு சிறிய ஆய்வு நிறுவனத்தில் ஓர் அறையும் ஒரு ஏர் கூலரும் இரண்டு பயிற்சி மாணவிகளும் அவருக்கு உண்டு. மாணவிகளில் ஒருத்தி நான். இன்னொருத்தி இங்கேயே, தில்லி மயூர் விஹாரில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் நன்றாகவே பேசுவாள், ஆனால் அவசரம் வந்தால் பாதி ஹிந்தியாகிவிடும்.

எங்கள் வேலை, இந்தியாவுக்கு எந்தெந்த நாட்டிலிருந்து மீன் பொருட்கள் வருகின்றன, அவற்றுக்கு என்ன வரிச் சலுகை என்று அட்டவணை போடுவது. அதை வைத்து சார் வியாழக்கிழமை அமைச்சகத்தில் பேசப் போகிறார். ஓய்வு பெற்ற பிறகு பழைய அலுவலகம் அவரைக் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை. கோட்டை டிரை கிளீனிங்குக்குக் கொடுத்துவிட்டு அதன் சீட்டை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார்.

நான் அட்டவணையை முடித்துக் கொடுத்த அன்று சார் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். நமக்கு மீன் அனுப்பும் நாடுகளில் இரண்டாவது இடத்தில் கடலே இல்லாத ஒரு மத்திய ஆசிய நாடு இருந்தது. வேறு யாராவது பார்த்திருந்தால் இதில் ஏதோ கோளாறு என்றிருப்பார்கள். சார் பொருளாதார நிபுணர். அவருக்கு உடனே காரணம் கிடைத்துவிட்டது.

"பாத்தேளா? மீனை எங்க பிடிச்சான்கறது முக்கியமே இல்ல. எந்த எல்லையத் தாண்டி வரதுங்கறதுதான் விஷயம்! எங்கேயோ பிடிக்கறான், அங்க கொண்டு போய் சீட்டு மாத்தறான், நம்ம சலுகைய வாங்கிக்கறான்."

இதற்கு 'மலைவழி மறு ஏற்றுமதி' என்று பெயரும் வைத்தார். ஐந்து ஸ்லைடு, ஒவ்வொன்றிலும் அம்புக்குறிகள். பிறந்ததிலிருந்து மீனைத் தொட்டறியாத மனிதர் மீன் போகும் பாதையை அப்படி வரைந்தார்.

மயூர் விஹார்க்காரிக்கு வாய் சும்மா இருக்காது. "பனிமலை வழியா வரதால ஐஸ் செலவு மிச்சம் ஆகும் சார்" என்றாள், முகத்தில் சிரிப்பே இல்லாமல். நான் என் பங்குக்கு, "அதுவும் குளிர்காலத்துல கேக்கவே வேண்டாம் சார்" என்றேன். சார் தலையாட்டிக்கொண்டே குறித்துக்கொண்டார். மறுநாள் அது நான்காவது ஸ்லைடில் ஏறிவிட்டது. நாங்கள் இருவரும் கேன்டீனுக்கு ஓடிப் போய்ச் சிரித்தோம்.

சிரிப்பு அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் வரைதான். புகழ்ச்சிக் கடிதத்தை அச்செடுத்துப் பைக்குள் வைத்துவிட்டு, ஓர் அடிக்குறிப்பைச் சரிபார்க்க மூலக் கோப்பைத் திறந்தேன். மூலத்தில் அந்த மத்திய ஆசிய நாடு கடைசி வரிசையில் இருந்தது. மாதிரிக்கு ஒரு பொட்டலம் அனுப்பியிருப்பார்கள் போல, அவ்வளவுதான்.

என்ன செய்திருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. நாடுகளின் பெயரை அகர வரிசையில் அடுக்கியபோது பெயர் இருந்த பத்தியை மட்டும் அடுக்கியிருக்கிறேன். எண்கள் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டன. பக்கத்துப் பத்திகளையும் சேர்த்து அடுக்கவா என்று கணினி கேட்டிருக்கும், நான் வேண்டாமென்று தட்டியிருப்பேன். ஒவ்வொரு நாட்டுக்கும் வேறொரு நாட்டின் மீன் போய்ச் சேர்ந்துவிட்டது. மொத்தக் கூட்டல் மட்டும் மாறவில்லை, அதனால் யாருக்கும் சந்தேகமும் வரவில்லை.

"நீ என்ன பாகலா, பைத்தியமா? சொல்லாதே" என்றாள் மயூர் விஹார்க்காரி. "டோட்டல் சரியா வருது இல்ல? லெட்டர் வாங்கிக்கோ. கதம், முடிஞ்சுது."

அவள் சொன்னபடி இருந்துவிடத்தான் ஆசை. ஆனாலும் சாரே கண்டுபிடித்துவிட்டால் நல்லதென்று ஜாடை காட்டிப் பார்த்தேன். "சார், அங்க கடலே இல்லையே சார்."

"அதனாலதாம்மா இது கண்டுபிடிப்பு!"

பட்டியலில் வேறொரு வரியைக் காட்டினேன். "இந்தப் பாலைவன நாட்டுல நண்டு வேற ஏற்றுமதி ஆகுதே சார்."

"துறைமுகம் வாடகைக்கு எடுத்திருப்பான். எழுதிக்கோ."

இவரிடம் நிலவிலிருந்து நெத்திலி வருகிறது என்றாலும் காரணம் சொல்லிவிடுவார் என்று தெரிந்துபோயிற்று.

புதன்கிழமை காலை சார் கோட்டோடு வந்து, அதைக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டு, என்னைப் பார்த்து, "அந்த லெட்டரக் கொண்டா, போட்டுடலாம்" என்றார். பேனா மூடியைக்கூடத் திறந்துவிட்டார். கடிதம் என் பையில் இருந்தது. நான் பையைத் திறக்காமல் மடிக்கணினியைத் திறந்து, மூல அட்டவணையையும் என் அட்டவணையையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டினேன்.

இரண்டையும் வரி வரியாக விரல் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அந்த ஐஸ் செலவு?"

"அது நாங்க சும்மா சொன்னது சார்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் பேனாவை மூடிவிட்டு, ஐந்து ஸ்லைடுகளையும் ஒவ்வொன்றாக, கொஞ்ச நேரம் பார்த்துப் பார்த்து அழித்தார். கடிதத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அன்று முழுவதும் மூவரும் சேர்ந்து அட்டவணையைத் திரும்பப் போட்டோம்.

வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு என்னையும் அழைத்துப் போன சார் பேச்சைத் தட்டுத்தடுமாறிப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார். சமோசா வருவதற்கு முன்பே பேசி முடித்த ஆளை அந்த அமைச்சகம் பார்த்ததே இல்லையாம். எல்லோருக்கும் ஒரே மகிழ்ச்சி, அடுத்த மாதமும் வரச் சொன்னார்கள். திரும்பி வரும்போது ஆட்டோவில் சார், "சுருக்கமா பேசறதுங்கறது ஒரு கலைம்மா" என்றார். ஆமாம் சார் என்றேன்.

வெள்ளிக்கிழமை கடிதத்தைக் கொடுத்தேன். பிழையே விடாதவர் என்ற வரியை எடுத்துவிட்டு மறுபடி அச்செடுத்தது. இம்முறை சார் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். சினிமாவின் கடைசிக் காட்சியைப் பார்ப்பதுபோல என் கண்கள் அந்தப் பேனாவிலேயே இருந்தன. கையெழுத்துப் போட வேண்டிய இடத்துக்கு மேலே அவர் தன் கையாலேயே ஏதோ எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டு, என்னிடம் நீட்டினார். வெளியே வந்துதான் படித்தேன்.

"தன் தவறை, அது என் தவறாக ஆவதற்கு முந்தின நாள் என்னிடம் வந்து சொன்னவர்."

அந்தப் பக்கத்தில் நான் எழுதாத வரி அது ஒன்றுதான்.