மூளைக்குள் ரத்தம் பார்க்கிற வேலை

சி.டி. ஸ்கேன் எடுக்கிறவனுக்கு விஷயம் முதலில் தெரியும். அதைச் சொல்கிற உரிமை மட்டும் கிடையாது. மயிலாப்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் இருபது வருஷமாக இந்த மெஷினை ஓட்டுகிறேன். படத்தைப் பார்த்த பிறகும் முகத்தை மாற்றாமல் கதவைத் திறக்கிற சகாக்களே, இது உங்களுக்கு.

டாக்டர் சொல்வார்

பாட்டு டீச்சர் ஒருவர், வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோதே "தலை வெடிக்கறது" என்று சரிந்துவிட்டார். கணவர் கூட்டி வந்தார். ஸ்கேனில் ரத்தம் வெள்ளையாகத் தெரியும். அந்த அம்மாளுக்கு மூளையின் அடியில் நட்சத்திரம் மாதிரி பரவியிருந்தது. ரத்தக்குழாயில் ஊதியிருந்த குமிழ் வெடித்திருக்கிறது. கணவர், "ஒண்ணுமில்லையேப்பா?" என்றார். "டாக்டர் சொல்வார் சார்" என்று தரையைப் பார்த்துச் சொன்னேன்.

மூன்றாம் நாள் அந்த அம்மாள் இறந்துபோனார். கணவர் மனைவியின் செருப்பை ஒரு பையில் போட்டுக்கொண்டு என் கதவருகே வந்து நின்றார். "உனக்கு அன்னிக்கே தெரிஞ்சுடுத்து. அதான் என் மூஞ்சியப் பாக்கலை."

மெல்லிசான கோடு

ஏழுமலை தி.நகரில் ஆட்டோ ஓட்டுகிறவர். "சுத்தியால அட்ச்ச மாரி கீது" என்று தலையைப் பிடித்துக்கொண்டு வந்தார். மாத்திரையில் வலி குறைந்ததும் சவாரிக்குக் கிளம்பப் பார்த்தார். இளம் டாக்டர் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, அனுப்பிடலாம்" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. மூளையின் ஒரு மடிப்பில் மட்டும் மெல்லிசாக வெள்ளைக் கோடு. ஏழுமலையைக் கெஞ்சி உட்காரவைத்துவிட்டு, ஸ்கேன் பிரிவின் பெரிய டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் மருந்து ஏற்றி ரத்தக்குழாய்களைப் படமெடுக்கச் சொன்னார். பட்டாணி அளவில் ஒரு குமிழ், கசிய ஆரம்பித்திருந்தது. அன்றைக்கே அதை அடைத்துவிட்டார்கள்.

ஆறு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தார். "என்னைத் தெரியுதா?" என்று ஆசையாகக் கேட்டேன். உற்றுப் பார்த்தார். "டாக்டருதான் உசுரக் காப்பாத்துனாரு. நீ யாரு நைனா?"

மைக்

கோட்டூர்புரத்தில் தனியாக இருந்த ஓய்வுபெற்ற நூலகர் அம்மாள். அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விட்டார். "கூட யாரும்மா?" என்று நர்ஸ் மேரி கேட்டதற்குக் கையை விரித்தார். அவருக்கும் குமிழ்தான் வெடித்திருந்தது. ஸ்கேன் முடிந்தும் ஸ்ட்ரெச்சர் வரவில்லை. உள்ளே போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். என்ன பேசுவது? அந்த அறை மைக்கில் நான் சொல்லிப் பழகியதெல்லாம் "அசையாதீங்க" ஒன்றுதான். வேளச்சேரி ரயில் கூட்டத்தைப் பற்றி, காலையில் எனக்கு மட்டும் வைத்துக்கொண்ட ரசத்தைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் பிழைத்துக்கொண்டார் என்று பிறகு மேரி சொன்னாள். ஆனால் அன்று ஸ்ட்ரெச்சர் வந்ததும் அவர் என் கையை விடாமல் சொன்னார்: "இன்னும் கொஞ்சம் பேசுப்பா. எங்கிட்ட யாரும் பேசியே ரொம்ப நாளாச்சு."

இருபது வருஷத்தில் எத்தனையோ பேர் தலைக்குள் போய்வந்துவிட்டேன். யார் மனசிலும் தங்கியதாகத் தகவல் இல்லை.