நாற்பத்தெட்டு வயதில் ஏறிய திருத்தணிப் படிகள்

யுத்தம் முடிந்த மறு தை மாதம், ஒரு வியாழக்கிழமை, ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு நானும் என் மனைவி கமலமும் திருத்தணிக்குக் கிளம்பினோம். வேண்டுதல் ஒன்றுமில்லை. எனக்கு நாற்பத்தெட்டு வயது. பம்பாய்க் கிளைக்குத் தலைமைக் குமாஸ்தாவாகப் போ, ஏழு வருஷ ஒப்பந்தம் என்கிறார் முதலாளி. எனக்கோ வேலையை விட்டுவிட்டு, செங்கற்பட்டில் இருக்கும் மூன்று ஏக்கரை நம்பி, இவளோடு ஊர் ஊராகப் போய் எழுத ஆசை. சனிக்கிழமைக்குள் பதில் சேர வேண்டும். 'சம்மதம்' என்று ஒன்று, 'மன்னிக்கவும்' என்று ஒன்று. இரண்டு கடிதமும் சட்டைப் பையில்.

சென்ட்ரலில் காலை ஆறரைக்கு ஏறி, அரக்கோணத்தில் வண்டி மாறி, ஒன்பதேகாலுக்கு இறங்கினோம். அடிவாரம் ஒரு மைல், ஜட்கா நாலணா. பேரம் பேசிப் பார்த்தேன், பலிக்கவில்லை.

"ஏறு நைனா, குதிர நின்னுகினே இருக்குது" என்றான் வண்டிக்காரன். அவனுக்கும் என் வயதுதான் இருக்கும். தெலுங்கில் நைனா என்றால் அப்பா என்பது எனக்குத் தெரியும். சுருக்கென்றது.

"நான் உனக்கு அப்பனா? அவ்வளவு கிழமாவா தெரியறேன்?" என்று எகிறினேன்.

"ஐய, கோச்சிக்காதீங்க சாமி. எங்கூர்ல அப்பனும் நைனாதான், புள்ளையும் நைனாதான். மலையப் பாத்ததும் வாயப் பொளந்துகினு நின்னீங்களே, எங்கடைசிப் பையன் ஞாபகம் வந்துச்சு."

"அப்போ பிள்ளைன்னு நினைச்சா கூப்பிட்டே?"

"ஆங்!"

கமலம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஆபீஸில் பத்து வருஷமாக நான் 'பெரியவர்'.

படிகள் முந்நூற்று அறுபத்தைந்து. நூறு வரை தாவித் தாவி ஏறினேன். இருநூறில் கமலம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஏழு வருஷம் கழிச்சு வந்தா, நீங்க மட்டும்தான் ஏறணும்" என்றாள், சாதாரணமாக.

ஆடிப்போய்விட்டேன். இத்தனை நாளும் என் வயதை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். மிச்சப் படிகளைப் பத்துப் பத்தாக, கைபிடித்து ஏறினோம். மேலே என்ன காற்று! தரிசனம் முடிந்து விபூதி மடிக்கக் காகிதம் தேவைப்பட்டது. சம்மதக் கடிதத்தைக் கிழித்துக் கொடுத்தேன்.

போகிறவர்களுக்கு: வெயிலுக்கு முன் ஏறுங்கள், கல் சுடும். கூஜாவில் தண்ணீர் அவசியம். கூட்டம் ஆகாதென்றால் ஆடிக் கிருத்திகையைத் தவிருங்கள். யாரோடு போக ஆசையோ, அவர்கள் கால் நன்றாக இருக்கும்போதே போங்கள்.

ஸ்டேஷன் தபால் பெட்டியில் மற்றக் கடிதத்தைப் போட்டேன். போட்ட பிறகும் பெட்டியின் வாய்க்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"பயமா இருக்கா?" என்றாள் கமலம்.

"இருக்கு."

"எனக்கும்தான்" என்று சிரித்தாள். "அடுத்தது எந்த ஊர்?"