அணில் விற்றவனை நான் விடவில்லை

ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்னும் பகுதியில் என் கணவர் மளிகைக் கடை வைத்திருக்கிறார். எங்கள் நான்கு வயது மகள் நஸீமாவுக்காகப் பஸ் நிறுத்தத்தில் ஒருவனிடம் கூண்டோடு ஓர் அணில் வாங்கினேன்.

"ஏனுங்க, கொழந்தையக் கடிக்காதுங்களா?" என்று கேட்டேன்.

"நொம்ப சாதுங்க. எப்படித் தூங்குது பாருங்க" என்றான்.

மாலையில் விழித்த அணில், தடவப்போன மகளின் விரலைக் கிழித்துவிட்டது. கூண்டில் கிடந்த சோற்றில் சாராய வாடை அடித்தது. காட்டு அணிலை மயக்கி விற்றிருக்கிறான்! ஆஸ்பத்திரியில் ஊசி போட்டபோது நஸீமா அலறியதை என்னால் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அணிலைக் கூண்டோடு தூக்கிக்கொண்டு அதே பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். அவனைச் சுற்றி நல்ல கூட்டம்.

"சாதுன்னீங்களே, உங்க விரலை உள்ள விடுங்க!" என்றேன். அவன் கையைப் பின்னால் மறைத்தான். "ஏனுங்க, எம்புள்ள விரல் மட்டும் எளப்பமுங்களா?" என்று கத்தினேன். கூட்டம் அவனை ஏச, அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டான். பிறகு குப்பனூரில் விற்கிறான் என்று கேள்விப்பட்டு அங்கேயும் போய் நின்றேன். என்னைக் கண்டதும் ஓடினான். என் வயிறு குளிர்ந்தது.

அணிலைக் காட்டில் விட்டுவிட்டேன். இப்போதெல்லாம் விற்பவர் தம் கையால் தூக்கி, இரை ஊட்டிக் காட்டினால்தான் எந்தப் பிராணியையும் வாங்குகிறேன். நஸீமாவுக்குப் பிறகு வாங்கித் தந்த முயலை அப்படித்தான் தேர்ந்தெடுத்தேன். அந்த ஆளை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை.